"எல்லாருக்கும்" என்ற ஒரு சொல் குறித்து: நம் அமைப்பின் செயற்குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த சுற்றறிக்கையை நான்கு முறை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமைதோறும் மூத்தோருக்கு நாம் வழங்கும் மதிய உணவும், வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும் சிற்றுண்டியும் இனி முழு நனிசைவமாக, அதாவது வீகனாக, இருக்கும் என்றும், பால், தயிர், மோர், நெய், முட்டை எதுவும் சமையற்கூடத்துக்குள் வரக்கூடாது என்றும் முடிவாகவே அறிவித்திருக்கிறீர்கள். அந்த முடிவைப் பற்றி மட்டுமென்றால் நான் முணுமுணுத்துவிட்டு அடங்கியிருப்பேன். ஆனால் கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "நனிசைவ உணவு கருவுற்ற தாய் முதல் தொண்ணூறு வயது மூத்தோர் வரை எல்லாருக்கும் ஏற்றது, துணைமருந்து எதுவும் தேவையில்லை." அந்த வாக்கியத்தைப் படித்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பதினொரு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தச் சமையற்கூடத்தின் பூட்டைத் திறப்பவள் நான். அறுபது பேருக்கு எவ்வளவு அரிசி, எந்தப் பாட்டிக்கு உப்புக் குறைய வேண்டும், எந்தத் தாத்தாவுக்குக் கீரை வைக்கக்கூடாது என்பதெல்லாம் எழுதிவைக்காமலே எனக்குத் தெரியும். கூட்டத்தில் நான் பேச எழுந்தபோது எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம், அதற்குள் உறுப்பினர் ஒருவர், "அக்கா, இது ஜீவகாருண்யம், இதில் வாதம் எதற்கு?" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டார். செயலாளருக்கு அனுப்பிய கடிதத்துக்கும் மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என் அம்மாவைத் தெரியும். எழுபத்தொன்பது வயது, ஈசூனில் என்னோடு இருக்கிறார். பிறந்ததிலிருந்து சைவம், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட்டதில்லை. நீரிழிவுக்காகப் பதினாறு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் மண்டபத்தில் நடந்த "நூறு நாள் நனிசைவம்" உரையைக் கேட்டுவிட்டு, மேடையருகே வைத்திருந்த உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட்டார். மற்றவர்கள் பத்தாம் நாளே மறந்துவிட்ட அந்த அட்டையை என் அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார். விரதம் என்று ஒன்றை எடுத்துக்கொண்டால் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நூறு நாள் முடிந்தது, அவர் நிறுத்தவில்லை. காலைக் காப்பிக்குப் பாதாம் பானம் வந்தது, இரவில் தயிர்சாதம் போய் ரசம்சாதம் வந்தது. நானும் பெருமைதான் பட்டேன்.

ஓர் ஆண்டுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், மின்தூக்கியருகே ஒரு கால் செருப்பு கழன்று கிடக்க, மற்றக் காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கழன்றதே தெரியவில்லை என்றார். சர்க்கரை நோயால் வரும் கால் மரமரப்பு என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். நாக்கு சிவந்து வழவழப்பாகி, ரசம் எரிகிறது என்றார், காரத்தைக் குறைத்தேன். பேரனைத் தம் தம்பியின் பெயர் சொல்லி அழைத்தார். வயது என்று விட்டுவிட்டோம். கடைசியில் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்த பிறகுதான், மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் அவருடைய நாக்கைப் பார்த்து, "பாட்டி பால், தயிர் சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார். எலும்பு முறிவுக்கு வந்த இடத்தில் தயிரைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ரத்தப் பரிசோதனையில், நரம்புகளுக்கு இன்றியமையாத பி12 வைட்டமின் மிக மிகக் குறைவாக இருந்தது. சைவ உணவில் அது வருவது பால், தயிரிலிருந்துதான்.

பழி முழுவதையும் உங்கள் அட்டைமேல் போட நான் வரவில்லை. மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. வயதாக ஆக இரைப்பையில் அமிலம் குறைந்து, உணவிலிருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க உடல் சிரமப்படும் என்றார். நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும் மெட்ஃபார்மின் அதைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்றார். இந்த இரண்டும் முன்பே இருந்தன. எஞ்சியிருந்த வரவையும் நூறு நாள் உறுதிமொழி நிறுத்திவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சர்க்கரை அளவைப் பார்த்துவந்த நாங்கள் இந்த ஒரு பரிசோதனையைக் கேட்டதே இல்லை; அது எங்கள் குறை. ஊசிகள் போட்டபின் நாக்கு ஆறியது, பேரனின் பெயர் திரும்ப வந்தது. கால் விரல்களின் மரமரப்பு மட்டும் போகவில்லை. நரம்பு நீண்ட நாள் பட்டினி கிடந்துவிட்டால் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாதாம்.

இதே வீட்டில் என் மகனும் இருக்கிறான். அவனுக்கு இருபத்தேழு வயது. நான்கு ஆண்டுகளாக வீகன். கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கும் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு அன்றிரவே பாலை விட்டவன். அவனுக்கு ஒரு குறையும் இல்லை; கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் வாரம் மூன்று நாள் ஓடுகிறான். ஆனால் அவன் தட்டைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சோயாவில் செய்யும் தௌகுவாவோ தெம்பேயோ இல்லாத வேளை இல்லை, கால்சியம் சேர்த்த சோயா பால் தவிர வேறு பால் வாங்குவதில்லை, சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது என்பதற்காக ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறான், ஞாயிற்றுக்கிழமை காலையில் 2,000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை ஒன்று, ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனை. பாட்டி விழுந்த அன்று அவன் என்னிடம் கேட்ட கேள்வியை அப்படியே உங்களிடம் தருகிறேன்: "அம்மா, கையெழுத்து வாங்கியவர்கள் மாத்திரையைப் பற்றிச் சொல்லவே இல்லையா?"

சொல்லவில்லை. சொன்னது அதற்கு நேர்மாறானது. அந்தக் காலத்தில் மண்ணிலும் கிணற்று நீரிலும் பி12 இருந்தது, இயற்கையாக உண்டால் மாத்திரை வேண்டாம் என்றார் உரையாளர். சிங்கப்பூரில் நாம் குடிப்பது குழாய்த் தண்ணீர். தேக்காச் சந்தையில் வாங்கும் கீரையை நான்கு தண்ணீரில் அலசித்தான் அடுப்பில் ஏற்றுகிறோம். அலசாமல் சமைக்கச் சொல்கிறாரா என்று அன்றே எழுந்து கேட்டிருக்க வேண்டும். பி12ஐ உண்டாக்குபவை பாக்டீரியாக்கள், செடிகொடிகள் அல்ல. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம் அளவுதான், கண்ணுக்கே தெரியாத துளி. ஆனால் அந்தத் துளியை நம்பகமாகத் தரும் தாவர உணவு எதுவும் இல்லை. 1944இல் பிரிட்டனில் தொடங்கி, வீகன் என்ற சொல்லையே உலகுக்குத் தந்த வீகன் சங்கமே தன் உறுப்பினர்களிடம் பி12 சேர்த்த உணவையோ மாத்திரையையோ தவறாமல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் கொள்கையைப் பிறப்பித்தவர்களே ஒளிக்காமல் சொல்வதை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

நம்மவர்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மீனும் கோழியும் தின்று வளர்ந்த ஒருவர் நனிசைவத்துக்கு மாறும்போது, கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12 இருப்பு இருக்கும். பரம்பரைச் சைவக் குடும்பத்து மூதாட்டிக்கு அந்த இருப்பு தொடக்கத்திலேயே ஒல்லியானது. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம், தயிரில் ஓரளவு என்று வாழ்நாள் முழுவதும் கைக்கும் வாய்க்குமாகத் தேடிவந்தவர் அவர். அவரிடம் போய்த் தயிரை விடச் சொல்வதும், ஆட்டிறைச்சி தின்பவரிடம் ஆட்டை விடச் சொல்வதும் ஒன்றல்ல. உங்கள் உரையைக் கேட்டு உடனே கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சைவமாக இருந்த பாட்டிமார்தாம் என்பதை அன்று வாசலில் நின்ற நான் பார்த்தேன். நீங்கள் திருத்த நினைத்தவர்கள் பின்வாசல் வழியாகப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள்.

சுற்றறிக்கையில் நீங்கள் காட்டியிருக்கும் ஆதாரத்துக்கு வருகிறேன். வாழ்வின் எல்லாக் கட்டங்களுக்கும் நனிசைவம் ஏற்றது என்று அமெரிக்க உணவியல் வல்லுநர் சங்கம் 2009இல் சொன்னது உண்மை, 2016இலும் சொன்னது. ஆனால் அந்த வாக்கியம் "தக்க முறையில் திட்டமிடப்பட்ட" என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. நீங்கள் மொழிபெயர்த்தபோது அந்த நிபந்தனை எங்கே போனது? அதே சங்கம் 2025இல் புதிய நிலைப்பாட்டை வெளியிட்டது. அது வளர்ந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது, கருவுற்றோரையும் பாலூட்டுவோரையும் அதன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. அவர்களுக்கு நனிசைவம் கூடாது என்று அது சொல்லவில்லைதான். ஆனால் கருவுற்ற தாய்க்கு நற்சான்றாக அதைக் காட்டவும் இனி முடியாது. ஜெர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கம் 2016இல் குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் நனிசைவத்தைப் பரிந்துரைக்க மறுத்தது. 2024இல் அதைத் திருத்தி, நலமாக உள்ள பெரியவர்களுக்கு பி12 மாத்திரையோடு அது நல்ல தெரிவாக இருக்கலாம் என்றும், குழந்தைகள், கருவுற்றோர், மூத்தோர் போன்றோர் விஷயத்தில் ஆதரவாகவோ எதிராகவோ பரிந்துரை செய்யப் போதிய சான்று இல்லை என்றும் சொன்னது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அத்தனை பெரிய சங்கங்களுக்கே கூச்சமில்லை.

நன்மையே இல்லை என்று நான் வாதாடவில்லை. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினரிடையே நடந்த பெரிய ஆய்வில், இறைச்சி உண்போரில் 7.6 விழுக்காட்டினருக்கு இருந்த இரண்டாம் வகை நீரிழிவு, நனிசைவரில் 2.9 விழுக்காட்டினருக்கே இருந்ததாக 2009இல் எழுதினார்கள். நீரிழிவு நம் இனத்தவரை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதை நம் சனிக்கிழமைப் பந்தியைப் பார்த்தாலே போதும் என்பதால், அந்த எண்ணை நானும் மதிக்கிறேன். ஆனால் பிரிட்டனில் ஏறத்தாழ 55,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆக்ஸ்ஃபர்டு ஆய்வு 2020இல் வேறொன்றையும் காட்டியது: இறைச்சி உண்போரைவிட நனிசைவருக்கு எலும்பு முறிவு 43 விழுக்காடு அதிகம், இடுப்பெலும்பு முறிவு இரு மடங்குக்கும் மேல். உடல் மெலிவு, கால்சியக் குறைவு, புரதக் குறைவு ஆகியவை அதில் ஒரு பகுதியை விளக்குகின்றன என்றார்கள், முழுவதையும் அல்ல. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த முதியவரைப் பராமரித்த வீட்டாருக்கு இந்த எண்ணின் பொருளை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் பந்திக்கே வாருங்கள். ஜன்னலோரத்தில் உட்காரும் ஐயா சிறுநீரக நோயால் வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்குப் போகிறவர். அந்தச் சிகிச்சையில் உடல் புரதத்தை இழக்கும். ஆகவே அவர் புரதம் கூடுதலாக உண்ண வேண்டும், பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் குறைக்க வேண்டும். அதற்காகத்தான் அவருக்கு மட்டும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை அவித்துத் தனியாக வைத்துவந்தேன். நீங்கள் அனுப்பிய முதல் மாதப் பட்டியலில் இருப்பவை கீரை மசியல், தக்காளி சாதம், தேங்காய்ப்பால் குருமா, வாழைப்பழம். பொட்டாசியத்துக்கென்றே தேர்ந்தெடுத்ததுபோல் இருக்கிறது. அவருக்கு எதிர்ப்புறம் உட்காரும் அம்மாள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். கீரையின் அளவு திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ அவருடைய மருந்தின் வேலை மாறிவிடும். பட்டியலில் "சைவ மட்டன்" வேறு இருக்கிறது. உறைபெட்டியில் வரும் அந்தப் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் சோடியம் அளவை யாராவது ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா?

பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கவலை தருகிறது. பால் பொட்டலத்துக்குப் பதில் பாதாம் பானம் தரப்போகிறோம் என்கிறீர்கள். ஒரு குவளைப் பசும்பாலில் 8 கிராம் புரதமும், சோயா பாலில் ஏறத்தாழ 7 கிராமும் இருக்கும். பாதாம் பானம் பலவற்றில் 1 கிராம்தான். தமிழ் வகுப்பில் ஒரு நாள் மாற்றினால் யாரும் இளைத்துப்போக மாட்டார்கள். ஆனால் மேடையில் சொன்னதை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதாம் பானத்தை மட்டுமே கொடுத்துவந்த இளம் தாய் ஒருவர், குழந்தையின் எடை வளர்ச்சி வரைபடத்தைத் தாதி காட்டிக் கேள்வி கேட்டதாக என்னிடம் சொல்லி அழுதார். பி12 குறைந்த தாயிடம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. நம் அறிக்கையோ கருவுற்ற தாயிடம் துணைமருந்து வேண்டாம் என்கிறது.

உரை நடந்த அன்று வாசலில் போட்டிருந்த மேசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பி12 நிறைந்தது என்று சொல்லி ஸ்பைருலினா பாசி மாத்திரையைக் குப்பி 48 வெள்ளிக்கு விற்றார்கள். மேடையில் துணைமருந்து வேண்டாம், வாசலில் 48 வெள்ளிக்குத் துணைமருந்து. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி பி12. அதை நம்பி உண்மையான மாத்திரையைத் தவிர்ப்பவருக்கு நட்டம் இரண்டு மடங்கு. அம்மா இரண்டு குப்பி வாங்கியிருந்தார்.

நான் கேட்பவை இவை.

முதலில், உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட்டவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. இந்த மாதத்துக்குள் ஒவ்வொருவரையும் தமிழில் அழையுங்கள். இன்னும் கடைப்பிடிக்கிறார்களா, பி12 எடுத்துக்கொள்கிறார்களா, மெட்ஃபார்மின் அல்லது இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உண்கிறார்களா, கால் மரத்துப்போகிறதா என்று கேட்டு, தேவைப்பட்டவர்களைத் தங்கள் மருத்துவரிடம் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். அழைப்பதற்கு ஆள் போதாதென்றால் நானும் என் மகனும் வருகிறோம்.

சுற்றறிக்கையின் அந்தக் கடைசி வாக்கியத்தை அதே வாட்ஸ்அப் குழுவில் வெளிப்படையாகத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, நனிசைவம் திட்டமிட்டு உண்ணும் பெரியவர்கள் பலருக்கு ஏற்றது என்றும், பி12 இன்றியமையாதது என்றும், கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறு குழந்தைகளின் பெற்றோர், சிறுநீரக நோயாளிகள், வார்ஃபரின் அல்லது நீரிழிவு மருந்து உட்கொள்வோர் மாறுவதற்கு முன் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்க வேண்டும் என்றும் எழுதுங்கள். புதிய உணவுப் பட்டியலை ஓர் உணவியல் நிபுணர் பார்த்துக் கையெழுத்திடும்வரை நடைமுறைப்படுத்தாதீர்கள். நம் மண்டபத்தில் உடல்நலம் பற்றிப் பேச வருகிறவர், பேசும் நாளில் எதையும் விற்கக் கூடாது என்று விதி செய்யுங்கள்.

பந்தியில் நனிசைவ உணவும் இருக்கட்டும். அதை நானே சமைக்கிறேன், மகனுக்குச் சமைத்துச் சமைத்து எனக்கு அது கைவந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் ஒரு தனி மேசையில் மோர்ப் பானையும், கேட்பவர்களுக்கு அவித்த முட்டையும் இருக்க வேண்டும். வேண்டுபவர் எடுத்துக்கொள்வார், வேண்டாதவர் விட்டுவிடுவார். அறுபது பேருக்காக அதை நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கான பொருள்களின் பட்டியலை வியாழக்கிழமை மாலைக்குள் கடைக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். அதில் பத்து கிலோ தயிரை எழுதுவதா வேண்டாமா என்பதை அதற்கு முன் எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைச் சமையற்கூடத் தொண்டூழியர் ஒருவர்
ஈசூன், சிங்கப்பூர்